பிரிடெண்ட், ஃபெயின்: ஒரு கால்பந்து விதியில் உரசிப் பார்த்த அகராதிகள்

கால்பந்து விதிநூலில் 12ஆம் விதி ஃபவுல்களையும் ஒழுங்குமீறல்களையும் பற்றியது. மஞ்சள் அட்டைக்குரிய குற்றங்களை அடுக்கும் இடத்தில் ஒரு வரி வருகிறது. நடுவரை ‘டிசீவ்’ (deceive) செய்ய முயல்வது குற்றம். உதாரணத்துக்கு, காயத்தை ‘ஃபெயின்’ (feign) செய்வது, அல்லது தன்மேல் ஃபவுல் நடந்ததாக ‘பிரிடெண்ட்’ (pretend) செய்வது. இதற்கு ‘சிமுலேஷன்’ (simulation) என்று பெயர். ஒரே வரிக்குள் நான்கு சொற்கள். நம் விளையாட்டுப் பக்கங்களில் நான்குக்கும் சேர்த்து ‘நடிப்பு’ என்று போட்டு முடித்துவிடுவார்கள். மறுநாள் பேப்பருக்கு அது போதும். விதிநூலை மொழிபெயர்ப்பவருக்கும், தீர்ப்பு நகலைத் தமிழாக்குபவருக்கும், போட்டித் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்க வேண்டியவருக்கும் போதாது.

அகராதிகளைச் சோதிக்க இது நல்ல உரைகல். உரசிப் பார்த்தவை: ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் இணையதளம், காலின்ஸ் தளத்தில் கிடைக்கும் கோபில்ட், மெரியம்-வெப்ஸ்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, கடைசியாகச் சந்தா கட்டிப் பார்க்கும் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதியான ஓ.இ.டி. தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம்: இவற்றில் எதுவும் தனியாக அந்த ஒரு வரியைக் கரைசேர்க்காது. இலக்கணத்துக்கு ஆக்ஸ்ஃபோர்ட், வேறுபாட்டுக்கு மெரியம்-வெப்ஸ்டர், தமிழுக்குக் க்ரியா என்று இந்த வரிசையில் போனால் வேலை முடியும். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ஆரம்பித்தால் முதல் அடியிலேயே சறுக்கும்.

ஒப்பிடுவதற்கு முன் சரியான விடை கையில் இருக்க வேண்டும். ஃபெயினுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வரும்: காயம், நோய், தூக்கம், ஆச்சரியம், அறியாமை, அக்கறை, மரணம். பெரும்பாலும் உடம்பின் நிலை, இல்லையென்றால் மனத்தின் நிலை. பிரிடெண்டுக்குப் பின்னால் ஒரு செயலோ முழுச் செய்தியோ வரும்: தூங்குவதாக, தெரியாததாக, ஃபவுல் நடந்ததாக. விதிநூல் இதைக் கச்சிதமாகச் செய்திருக்கிறது. காயம் என்ற பெயருக்கு ஃபெயின். ஃபவுல் நடந்ததாக என்ற செய்திக்கு பிரிடெண்ட். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஆங்கிலம் நொண்டும். இன்னொன்று, ஃபெயின் எழுத்து நடைச் சொல். பேச்சில் அதைப் போட்டால் துருத்திக்கொண்டு நிற்கும்.

டிசீவ் இவ்விரண்டிலிருந்தும் அடியோடு வேறு. அதன் செயப்படுபொருள் ஆள்: நடுவரை, மனைவியை, வாடிக்கையாளரை. பிரிடெண்ட் செய்ய எதிரில் ஆளே வேண்டாம். சொப்பு வைத்து விளையாடும் குழந்தை தனியாக உட்கார்ந்துகூடச் சமைக்கும். டிசீவ் என்றால் எதிராளி நம்பியாக வேண்டும். நம்பாவிட்டால் அது நடக்கவே இல்லை. அதனால்தான் விதியில் ‘முயல்வது’ என்ற சொல் இருக்கிறது. நடுவர் ஏமாந்துவிட்டால் மஞ்சள் அட்டையை எடுக்க மாட்டாரே!

இப்போது அகராதிகளுக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அயல்மொழியாக ஆங்கிலம் படிப்பவருக்காகவே பிறந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942இல் அங்கே வெளியிட்டதை, 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் தன் பெயரில் கொண்டுவந்தது. அந்த வம்ச குணம் இன்றும் மாறவில்லை. பிரிடெண்ட் பக்கத்தைத் திறந்தால் பொருளைவிட முக்கியமான விஷயம் கண்ணில் படும்: சொல்லுக்குப் பின்னால் என்ன வரலாம் என்ற வாய்பாடுகள் தடித்த எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரிடம் இப்படி பிரிடெண்ட் செய்தான் என்று சொல்ல எந்த முன்னிடைச்சொல் வேண்டும் என்பதுகூட அதில் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்த வாய்பாடுகள் செய்கின்றன. நம்மவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். பொருளை மட்டும் படித்துவிட்டு வாய்பாட்டைத் தாண்டிப் போனால் இந்தத் தளத்தைப் பார்த்தும் பார்க்காத கணக்கு.

குறை எங்கே? ஃபெயினுக்குப் பொருள் சொல்ல ஆக்ஸ்ஃபோர்ட் பிரிடெண்டையே துணைக்கு அழைக்கிறது: ஒரு உணர்ச்சி இருப்பதாக, அல்லது நோய், களைப்பு இருப்பதாக பிரிடெண்ட் செய்வது. குறைந்த சொற்களில் விளக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் விலை இது. சிமுலேட்டின் ஒரு பொருளுக்கு ஃபெயின் இணைச்சொல் என்று குறித்திருக்கிறார்கள். ஆக மூன்று சொற்களும் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவசரத்தில் பார்ப்பவர் மூன்றும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுவார். டிசீவ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உதவி கிடைக்கும். ‘சீட்’ (cheat) என்ற தலைச்சொல்லின் கீழ் ஏமாற்றுவதற்கான சொற்களை ஒப்பிடும் பெட்டி ஒன்று இருக்கிறது. அங்கே டிசீவுக்குச் சொல்லப்படும் குறிப்பு, நம்மை நம்பும் ஒருவரையே பெரும்பாலும் அப்படி ஏமாற்றுவது என்பது. பயனுள்ள குறிப்பு. பிரிடெண்ட் அந்தப் பெட்டிக்குள் இல்லை. இருக்கவும் கூடாது, அது வேறு குடும்பம்.

காலின்ஸ் தளத்தின் கோபில்ட் வேறு வகை. 1987இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்தபோது, அது பொருளை முழு வாக்கியத்தில் எழுதியது புதுமை. ‘நீங்கள் ஓர் உணர்ச்சியையோ மனப்பான்மையையோ உடல்நிலையையோ ஃபெயின் செய்தால்’ என்ற பாணியில் விளக்கம் தொடங்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சொல்லுக்குப் பின்னால் எந்த வகைப் பெயர் வரும் என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. வாய்பாட்டைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. பிரிடெண்டுக்கு இரண்டு பொருளைப் பிரித்து வைத்திருப்பதும் சரியான முடிவு. பிறரை நம்பவைக்கச் செய்வது ஒன்று, விளையாட்டாகக் கற்பனை செய்வது இன்னொன்று. முதலாவதில் கள்ளம் உண்டு, இரண்டாவதில் இல்லை. போட்டித் தேர்வு வழிகாட்டிகள் பலவற்றில் பிரிடெண்டுக்கு ‘ஏமாற்று’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்த இரண்டாவது பொருளை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

காலின்ஸ் தளத்தில் ஒரு பொறி உண்டு. ஒரே பக்கத்தில் மேலே கோபில்ட், அடுத்து காலின்ஸின் பிரிட்டிஷ் அகராதி, அதற்கும் கீழே ஓர் அமெரிக்க அகராதி என்று மூன்று அடுக்கு. மூன்றும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வாசகருக்காக எழுதியவை. கூகுள் தேடலில் வந்து பக்கத்தின் நடுவில் இறங்கினால், பழைய வழக்கும் புதிய வழக்கும் கலந்த வரிசையைக் கோபில்ட் என்று நினைத்துக்கொள்வோம். பக்கத்தின் உச்சிக்குப் போய்ப் பெயரைப் பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும்.

மெரியம்-வெப்ஸ்டர்தான் இந்தச் சோதனையில் முன்னால் நிற்கிறது. ஃபெயினுக்கு அது தரும் பொருளுக்காக அல்ல. பக்கத்தை நன்றாகக் கீழே உருட்டினால் வரும் இணைச்சொல் வேறுபாட்டுப் பத்திக்காக. நடுவில் விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்பதால் பாதிப் பேர் அதுவரை போவதில்லை. அஸ்யூம் (assume), அஃபெக்ட் (affect), பிரிடெண்ட், சிமுலேட், ஃபெயின், கவுன்டர்ஃபிட் (counterfeit), ஷாம் (sham) என்று ஏழு சொற்களை ஒரே பத்தியில் நிறுத்தி, ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து எங்கே விலகுகிறது என்று ஒரு வரி, அதற்கு ஒரு சிறு உதாரணம். பிரிடெண்ட் வெளிப்படையாக, தொடர்ந்து காட்டும் பொய்த் தோற்றம். ஃபெயினில் பிரிடெண்டைவிடக் கைவேலை அதிகம், ஆனால் சிமுலேட் அளவுக்கு ஒன்றைக் குறிப்பாகப் பார்த்துப் போலச்செய்வது கிடையாது. கவுன்டர்ஃபிட் அசலுக்கு மிக நெருங்கியது. ஷாம் அதற்கு நேரெதிர்: பொய் என்று பார்த்தவுடன் தெரியும், ஏமாளிதான் ஏமாறுவான்.

இந்த ஏழையும் தமிழில் வைத்துப் பார்த்தால் அந்தப் பத்தியின் அருமை தெரியும். நோயாளிகளுக்கு முன்னால் மருத்துவர் ‘முகத்தில் மலர்ச்சியை வரவழைத்துக்கொள்கிறார்’. அது அஸ்யூம், தப்பான நோக்கம் இல்லை. கலையில் ஆர்வம் இருப்பதாகக் ‘காட்டிக்கொள்கிறார்’, அது அஃபெக்ட். ஒன்றும் நடக்காதது போல இருக்கிறார், அது பிரிடெண்ட். நொண்டுவதாகப் ‘பாவ்லா காட்டுகிறான்’, அது ஷாம். அச்சு அசலாகக் குடிகாரன் போலவே தள்ளாடி எல்லோரையும் நம்பவைத்தால் கவுன்டர்ஃபிட். ‘பாசாங்கு’ என்ற ஒரே சொல்லால் ஏழையும் அடைத்தால் எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். ஷாம் பெயரடையாக வரும்போது, விசாரணை, தேர்தல் போன்றவற்றின் முன்னால், ‘கண்துடைப்பு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்காது. எந்த ஆங்கிலம்–தமிழ் அகராதிக்கும் காத்திருக்காமல் பத்திரிகையாளர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்த சொல் அது.

டிசீவின் பக்கத்திலும் இதேபோல ஒரு பத்தி: டிசீவ், மிஸ்லீட் (mislead), டிலூட் (delude), பிகைல் (beguile). இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது மிஸ்லீட் பற்றிய வரி. அது வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம், தெரியாமல் நேர்ந்ததாகவும் இருக்கலாம். தவறான வழிகாட்டிப் பலகை நம்மை மிஸ்லீட் செய்யும், டிசீவ் செய்யாது. தீர்ப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் இரண்டுக்கும் ‘ஏமாற்றினார்’ என்று எழுதினால், நீதிபதி சுமத்தாத குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் சுமத்திவிடுகிறார். டிசெப்ஷன் என்ற பெயர்ச்சொல்லின் கீழே உள்ள பத்தியும் அதே தரம். டிசெப்ஷனில் பழி இருக்கலாம், இல்லாமல் வெறும் தந்திரமாகவும் இருக்கலாம். ஃப்ராடில் குற்றம் எப்போதும் உண்டு. மந்திரவாதியின் மேடையிலும் போர்க்களத்திலும் டிசெப்ஷன் என்பது தொழில் நுணுக்கம். டிசீட் (deceit) அப்படியல்ல, அது குணத்தைச் சொல்கிறது. ‘வஞ்சகம்’ என்ற சொல் அதற்குச் சரியாக உட்காரும். போர்க்கால டிசெப்ஷனுக்கு அதைப் போட்டால் தளபதி வில்லனாகிவிடுவார்.

சட்டம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவு மோசடியை வரையறுத்தபோது டிசீவ் என்ற வினையில்தான் தொடங்கியது. அதன் விளக்கக் குறிப்பு, நேர்மையற்ற நோக்கத்தோடு உண்மைகளை மறைப்பதும் டிசெப்ஷன்தான் என்றது. அதாவது வாயே திறக்காமலும் டிசீவ் செய்யலாம். 416இல், வேறொருவராக பிரிடெண்ட் செய்து ஏமாற்றுவது, நம் வழக்கில் ஆள்மாறாட்டம். பிரிடெண்ட் வழிமுறை, ஏமாற்றுவது விளைவு என்று இரண்டு சொல்லும் தனித்தனி வேலை பார்க்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 ஆகிவிட்டன. எந்தப் பொது அகராதியும் இந்தச் சட்டப் பொருளைச் சொல்லாது. பிரிவின் மூலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மெரியம்-வெப்ஸ்டரின் பலவீனம் இலக்கணம். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று அது கையைப் பிடித்துக் காட்டாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் தானே அறிவார் என்று விட்டுவிடுகிறது. டிஸ்ஸெம்பிள் (dissemble) என்ற சொல்லில் இன்னொரு வழுக்கல். முதல் பொருள், பொய்த் தோற்றத்தின் கீழ் மறைப்பது, சரி. இரண்டாவது பொருளில் சிமுலேட் என்றே போட்டிருக்கிறது. வழக்கில் அப்படியும் ஆட்கள் எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கற்பவருக்கு அதுவே குழி.

காரணம், சிமுலேட்டும் டிஸ்சிமுலேட்டும் (dissimulate) எதிரெதிர்த் திசை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது முதலாவது. இருப்பதை இல்லாததாக மறைப்பது இரண்டாவது; டிஸ்ஸெம்பிள் அதன் பக்கத்து வீடு. 1944இல் நேசநாடுகள் நார்மண்டியில் இறங்குவதற்கு முன் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தன. அமெரிக்கத் தளபதி பேட்டனின் தலைமையில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு பெரும்படை பிரான்சின் பா-து-கலே கரைக்குப் புறப்படத் தயாராக இருப்பதாக ரேடியோ செய்திகளாலும் காற்றடைத்த டாங்கிகளாலும் காட்டினார்கள்: சிமுலேஷன். நார்மண்டிக்கான உண்மை ஏற்பாட்டை மூடி வைத்தார்கள்: டிஸ்சிமுலேஷன். இரண்டும் சேர்ந்தது டிசெப்ஷன்.

நமக்கு இன்னும் கிட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு குறள்கள். 273இல் பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்கிறது. இல்லாத வலிமையைக் காட்டுகிறது. 274இல் வேடன் புதருக்குப் பின்னால் பதுங்கிப் பறவை பிடிக்கிறான். இருக்கும் தன்னை மறைக்கிறான். ஆங்கில வகுப்பில் கரும்பலகையில் எழுத இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. டிஸ்ஸெம்பிள் எவ்வளவு அரிய சொல் என்பதற்கு 2005 மே 31 செய்தியாளர் சந்திப்பே சாட்சி. அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதற்குப் பதில் டிஸ்அசெம்பிள் (disassemble) என்று சொல்லி, உண்மை பேசாமலிருப்பது என்று அதற்கு அர்த்தமும் சொன்னார். டிஸ்அசெம்பிள் என்றால் பாகம் பாகமாகக் கழற்றுவது.

ஒலி ஒற்றுமையால் வரும் இன்னொரு குழப்பத்தை எல்லா அகராதிகளும் சுமாராகவே கையாள்கின்றன. ஃபெயின் (feign) வேறு, ஃபெயின்ட் (feint) வேறு. ஃபெயின்ட் என்பது ஒரு பக்கம் அடிப்பது போலக் காட்டி மறுபக்கம் அடிப்பது. குத்துச்சண்டை, வாள்வீச்சு, போர் ஆகியவற்றின் சொல். மயங்கி விழுவதற்கான சொல்லும் (faint) உச்சரிப்பில் இதுவேதான், எழுத்து மட்டும் வேறு. போதாததற்கு, மெல்லிய கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாளுக்கும் பிரிட்டனில் இந்த எழுத்திலேயே ஒரு பெயரடை இருக்கிறது. கால்பந்து விதிநூல் இதையும் துல்லியமாகக் கையாள்கிறது. பெனால்டி அடிக்க ஓடிவரும்போது ஃபெயின்ட் அனுமதி உண்டு. ஓட்டம் முடிந்தபிறகு உதைப்பது போலக் காட்டி நிறுத்தினால் மஞ்சள் அட்டை, எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். எதிராளியைக் குழப்புவது ஆட்டத்தின் பாகம், நடுவரை ஏமாற்றுவது குற்றம் என்ற கோடு இது. தமிழில் ‘போக்குக் காட்டு’ என்ற வினை ஃபெயின்டுக்கென்றே செய்தது போல இருக்கிறது. கபடி வர்ணனை கேட்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லப்போனால் இந்த விதிநூலின் கடைசியில் இருக்கும் சொற்பட்டியல், இந்த ஒரு வேலைக்கு, அகராதிகளைத் தோற்கடிக்கிறது. டிசீவ், ஃபெயின்ட், சிமுலேஷன் மூன்றுக்கும் தனித்தனி வரையறை. சிமுலேஷன் என்றால் நடக்காத ஒன்று நடந்ததாகத் தவறான எண்ணத்தை உண்டாக்கும் செயல். 2002 உலகக் கோப்பையில் துருக்கியோடு ஆடியபோது பிரேசில் வீரர் ரிவால்டோ செய்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். பந்து பட்டது காலில். அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நடுவர் நம்பினார், துருக்கி வீரர் வெளியேற்றப்பட்டார், ஃபிஃபா பிறகு ரிவால்டோவுக்கு அபராதம் விதித்தது. முகக் காயம் ஃபெயின். நடுவர் நம்பிய நொடியில் அது டிசீவ் ஆகிவிட்டது.

தமிழ்ப் பக்கம் வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வந்தது. அதன் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. இன்றைக்கும் கலைச்சொல் தேடுபவர்களுக்கு அதுவே முதல் புகலிடம். ஆனால் அதன் அமைப்பு, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாக நிறுத்துவது. எந்தத் தமிழ்ச் சொல் எந்தச் சூழலுக்கு என்று பிரித்துச் சொல்லும் வாக்கியம் இல்லை. நெருங்கிய சொற்களுக்கு வரும்போது இந்த அமைப்பு கைவிட்டுவிடுகிறது. வரிசையில் முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு நகர்வதுதான் நடைமுறையில் நடப்பது. மொழிபெயர்ப்புகளில் ‘பாசாங்கு’ மலிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

க்ரியா அகராதி இதற்கு நேர்மாறு. தலைச்சொல் தமிழ். தமிழில் விளக்கம், ஆங்கில இணை, இன்றைய வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்கள். 1992இல் முதல் பதிப்பு, 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள். ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு இதில் நுழைய முடியாது. முதலில் நமக்கே நாலு தமிழ்ச் சொல் தோன்ற வேண்டும். தோன்றியபின் ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்த வாக்கியங்களில் நம் சூழல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. நடி, பாசாங்கு, பாவனை, வேஷம், பம்மாத்து, பாவ்லா என்று போனால் ஒன்றின் எல்லை எங்கே முடிந்து அடுத்ததன் எல்லை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடும். ‘நடி’க்கு முன்னால் ‘போல’ நிற்கும். அது பிரிடெண்டின் இடம். பாசாங்கில் கண்டனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபெயினுக்குப் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் துக்கத்தில் இருப்பவர் குழந்தைக்காகச் சிரித்தால் அதைப் பாசாங்கு என்று எழுதுவது கொடுமை. ஏமாறு, ஏமாற்று என்ற இணையில் டிசீவின் இலக்கணம் அப்படியே இருக்கிறது: ஒருவன் ஏமாறினால்தான் மற்றவன் ஏமாற்றினான்.

‘காட்டிக்கொள்’ என்ற வினையைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். ‘வருத்தப்படுவதாகக் காட்டிக்கொண்டார்’ என்றால் இல்லாத வருத்தம். ‘வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை’ என்றால் இருக்கும் வருத்தம், மறைத்தது. ஆங்கிலத்துக்கு இரண்டு வினை தேவைப்படும் இடத்தில் தமிழ் எதிர்மறையால் சமாளிக்கிறது. டிஸ்ஸெம்பிளுக்குத் தமிழ் இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

பாவனையில் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் அது போலச்செய்தல். குழந்தை விளையாட்டுக்கும் சிமுலேட்டுக்கும் நன்றாகவே பொருந்தும். இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு: மின்சாரப் பாவனை, போதைப்பொருள் பாவனை, பாவனையாளர். யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் படிக்கப்படும் மொழிபெயர்ப்பில் ‘பாவனைக் காயம்’ என்று எழுதினால் வாசகர் திகைப்பார். அந்த 12ஆம் விதி வரியை, ‘காயம்பட்டதாகப் பாசாங்கு செய்தோ ஃபவுலுக்கு ஆளானது போல நடித்தோ நடுவரை ஏமாற்ற முயல்வது’ என்று வைத்தால் இரு கரையிலும் புரியும். மூன்று வினையும் தனித்தனியாக நிற்கும்.

தமிழ்ச் சொல்லே தோன்றாவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், வின்ஸ்லோ, ஃபப்ரீஷியஸ் ஆகிய மூன்று தமிழ்–ஆங்கில அகராதிகளும் இருக்கின்றன. தலைச்சொல்லில் தேடாமல் முழு உரையிலும் தேடும்படி தெரிவை மாற்றி, ஆங்கிலச் சொல்லை இட்டால், அந்தச் சொல் விளக்கத்தில் இடம்பெற்ற தமிழ்ச் சொற்கள் எல்லாம் வந்து விழும். இலவசம், பதிவுகூட வேண்டாம். வந்து விழுவதில் படிறு, கரவு போன்ற செய்யுள் சொற்களும் ஏராளம். அவற்றை இன்றைய உரைநடையில் தூக்கிப் போட்டால் ஒட்டாது. க்ரியாவில் தலைச்சொல்லாக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் ஆபத்து பெரும்பாலும் குறையும்.

ஓ.இ.டி. பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. 1989இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். இன்று இணையத்தில் சந்தா. பிரிட்டனில் இருப்பவர்கள் காசு கொடுக்குமுன் தங்கள் பொது நூலக அட்டையை முயன்று பார்க்கட்டும், பல ஊர்களில் அந்த எண்ணை வைத்தே வீட்டிலிருந்து நுழையலாம். பழைய உரைகளை மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் இது அவசியம். பிரிடெண்டுக்கு முன்பு ‘உரிமை கோருதல்’ என்ற பொருள் இருந்தது. பிரெஞ்சில் அதன் உடன்பிறப்பு இன்றும் அந்தப் பொருளைச் சுமக்கிறது. ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டை ஓல்ட் பிரிடெண்டர் என்றும், 1745இல் படையோடு ஸ்காட்லாந்தில் எழுந்த அவர் மகன் சார்ல்ஸை யங் பிரிடெண்டர் என்றும் வரலாறு அழைக்கிறது. அவர்கள் நடித்தவர்கள் அல்லர், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரியவர்கள். ‘போலி இளவரசர்’ என்று தமிழாக்கினால் எதிர்க்கட்சியின் குரலில் பேசியதாகிவிடும்.

அச்சில் ஒன்றே ஒன்று வாங்குவதானால், மெரியம்-வெப்ஸ்டர் இணைச்சொல் அகராதியின் 1984 பதிப்பு. சுமார் 900 பக்கம், தளத்தில் ஒரு வரியில் சொல்வதை இது பத்திகளில், எழுத்தாளர்களின் வாக்கியங்களோடு விரிக்கிறது. முதல்முறை திறப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஃபெயினைப் புரட்டினால் சில சொற்களின் பட்டியல் மட்டுமே தெரியும். அந்தப் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்ட சொல் எது என்று பாருங்கள். இங்கே அது அஸ்யூம். ஒப்பீடு முழுவதும் அந்தச் சொல்லின் கீழ்தான் இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது ‘அ’வரிசையில் இருக்கும் முதல் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கவும், அஸ்யூம் இருப்பது அங்கே.